மையும் மணமும்

ஆண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக என்று ஆசிரியர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்னும் கேள்வி நம்மை மூன்று நாள் வருத்தியது. விடுதித் தோழியருள் ஒருவர் காவியச் சுவை பற்றியும், மற்றொருவர் ஊர்க் கல்வெட்டுகள் பற்றியும் எழுதத் தொடங்கிவிட்டனர். நமக்கோ அத்துணைப் புலமை இல்லை. நாம் பொறுமையோடு பயின்றவை இரண்டே. ஒன்று, நாள்தோறும் காலையில் கண்ணுக்கு மை எழுதுதல். மற்றொன்று, சிறு குப்பிகளில் வரும் நறுமண எண்ணெய்களை வாங்கி முகர்ந்து தேர்தல். இவையும் ஒரு கட்டுரைக்குப் பொருளாகுமோ என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைப்பினும் குற்றமில்லை. இவ்விரண்டின் நடுவே நாம் இழைத்த பிழை ஒன்று உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

மை எழுதும் பழக்கம் நமக்கு ஆச்சியிடமிருந்து வந்தது. நம் தாயைப் பெற்ற ஆச்சி, தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூர் ஒன்றில் வாழ்பவர். அவர் ஆண்டுக்கொருமுறை தம் கையாலேயே மை கூட்டுவார். வயல் வரப்பிலிருந்து கரிசலாங்கண்ணிக் கீரையைப் பறித்து வந்து இடித்துச் சாறு பிழிவார். தூய வெள்ளைத் துணியை அச்சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்துவார்; மீண்டும் நனைப்பார்; மீண்டும் உலர்த்துவார். பின்னர் அதனைத் திரியாகத் திரித்து, அகலில் ஆமணக்கெண்ணெய் வார்த்து ஏற்றுவார். விளக்கின் இருபுறமும் செங்கல் வைத்து, அவற்றின்மேல் ஒரு செப்புத் தட்டைக் கவிழ்த்து வைப்பார். விடியுமுன் தட்டின் அடியில் கரி மெத்தெனப் படிந்திருக்கும். அதனைச் சுரண்டி எடுத்து, இரண்டொரு துளி ஆமணக்கெண்ணெய் விட்டுக் குழைத்துப் பித்தளைச் சிமிழில் அடைப்பார். பின்னர் நம்மை மடியிற் கிடத்தி, "அசையாதே, மேலே பார்" என்று சொல்லி, விரல் நுனியால் கண்ணோரத்தில் தீற்றுவார். அவ்விரலின் குளிர்ச்சி இன்றும் நம் நினைவில் உள்ளது.

இப்பழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. எகிப்து நாட்டார் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்ணுக்கு மை தீட்டினர். பச்சை நிறத்திற்கு மாலகைட் என்னும் செம்புக் கனிமத்தையும், கருநிறத்திற்குக் கலீனா என்னும் ஈயக் கனிமத்தையும் அரைத்துப் பயன்படுத்தினர். பாரிசு நகரின் லூவர் அருங்காட்சியகத்திலுள்ள பழைய மைக்கலங்களின் எச்சத்தைப் பிரெஞ்சு அறிவியலார் ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டு ஒரு முடிபினை வெளியிட்டனர். அம்மையிலுள்ள சில ஈய உப்புகள் மிக நுண்ணிய அளவில் தோலின் உயிரணுக்களைத் தூண்டி, நோயை எதிர்க்கும் ஆற்றலை வளர்த்திருக்கக்கூடும் என்பது அம்முடிபு. இதனைப் படித்தவுடன் பண்டையோர் செய்ததெல்லாம் நன்மையே என்று களிப்பவர் உண்டு. ஆனால் ஈயம் நஞ்சு என்பதில் ஐயமில்லை. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். உடலில் இந்த அளவு வரை ஈயம் இருக்கலாம் என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் கருத்து. ஒப்பனைப் பொருள்களில் நிறத்திற்காக ஈயச் சேர்மங்களைச் சேர்த்தலாகாது என்று நம் நாட்டு விதிகளும் விலக்குகின்றன. ஆச்சியின் மையில் ஈயம் இல்லை. விளக்குக் கரியே உண்டு. ஆயினும் கைக்குழந்தையின் கண்ணில் எந்த மையையும் இடவேண்டா என்று மருத்துவர் கூறுவர். விரல் வழியாகவும் சிமிழ் வழியாகவும் கண்ணுக்குள் நோய்க்கிருமி புகும் என்பது அவர்கள் காட்டும் காரணம். அன்பு கற்பித்ததை அறிவு திருத்தும்போது, திருத்திக்கொள்வதே அன்புக்கும் அழகு.

இதனை நாம் எளிதிற் கற்றோமல்லோம். விடுதிக்கு வந்த முதலாண்டில், ஒரு திருவிழாக் கடையில் பளபளக்கும் சுர்மாப் பொடியைக் கண்டோம். பொட்டலத்தில் செய்தவர் பெயரும் இல்லை, சேர்மானமும் எழுதப்படவில்லை. விலை மலிவு; நிறமோ ஆச்சியின் மையினும் கருமை. வாங்கி இட்டோம். மறுநாட் காலையில் இமைகள் வீங்கி, கண்கள் செவ்வரத்தம் பூப்போலச் சிவந்துவிட்டன. ஒரு கிழமை வகுப்புக்குப் போகவில்லை. மருத்துவர் பொட்டலத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "எழுத்தில்லாத பொருளைக் கண்ணில் இடலாமா? படிக்கத்தானே கல்லூரிக்கு வந்தீர்கள்?" என்று கேட்டார். அவ்வினாவுக்கு இன்றளவும் நம்மிடம் விடையில்லை.

அதன்பின் முறையாகப் பழகினோம். கற்றவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம், பயன்படுவார்க்குப் பயன்படுக. முதலில் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். கண்ணாடியை முகத்துக்கு நேரே வைக்காமல் சற்றுக் கீழே வைத்து, தாழப் பார்த்தால் மேலிமை தளர்ந்து விரியும். இமையை இழுக்க வேண்டுவதில்லை. மைக்கோலை ஒரே இழுப்பாக ஓட்ட முயல்வோர் கை நடுங்கும். இமைமயிர் வேர்களின் இடையிடையே சிறு புள்ளிகளாக வைத்து, பின்னர்ப் புள்ளிகளை இணைத்தால் கோடு தானே அமையும். கூர்மையான கோடு வேண்டாதார் மோதிர விரலால் மெல்லத் தேய்த்துக் கலைக்கலாம். மற்ற விரல்களைவிட அது அழுத்தம் குறைந்தது. நம் ஊர் வெயிலில் பிற்பகலுக்குள் மை வழிந்து கன்னத்திற்கு வந்துவிடும். கீழிமையின் அடியில் பவுடரைச் சிறிதளவு ஒற்றிவிட்டால் அது பெரும்பாலும் நிற்கும்.

கண்ணின் உள்விளிம்பில் மை தீட்டுதல் நம்மவர் பெரிதும் விரும்புவது. ஆனால் அவ்விளிம்பிலேதான் கண்ணீருக்கு எண்ணெய்ப் பசை தரும் நுண்ணிய சுரப்பிகளின் வாய்கள் வரிசையாக உள்ளன. கனடாவின் வாட்டர்லூப் பல்கலைக்கழகத்தார் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இமைமயிருக்கு உட்புறம் தீட்டிய மை, வெளிப்புறம் தீட்டியதைக் காட்டிலும் விரைவாகவும் மிகுதியாகவும் கண்ணீர்ப் படலத்திற் கலப்பதைக் கண்டனர். ஆதலால் நாம் இப்போது வெளிவிளிம்போடு நின்றுவிடுகிறோம். மஸ்காரா இடுவோர், அதன் குழலை ஏறக்குறைய மூன்று திங்களுக்கு ஒருமுறை மாற்றிவிடல் நன்று. உலர்ந்துவிட்டதென்று தண்ணீர் கலத்தல் தீது. தோழியாயினும் தங்கையாயினும் மைக்கோலைப் பகிர்தல் கூடாது. இரவில் எத்துணை உறக்கம் வரினும், பஞ்சில் சிறிது எண்ணெய் தொட்டு, மூடிய இமைமேல் சற்று வைத்திருந்து, மையை நீக்கிவிட்டே படுத்தல் வேண்டும். எழுதுவதினும் அழிப்பதே இக்கலையில் முதன்மையானது.

இனி மணத்திற்கு வருவோம். சாராயத்திற் கரைத்த வாசனைநீர் தெளித்தவுடன் விரைந்து பரவும். விரைவிலேயே போகவும் செய்யும். எண்ணெயில் அமைந்த மணம் அப்படியன்று. அது தோலோடு ஒட்டி நின்று மெல்ல மெல்ல அவிழும். அருகில் வருவார்க்கே அது தெரியும். பெரிய ஆலைகளைச் சாராது, சிறு குழுவினராய் இருந்து இத்தகைய எண்ணெய்களைக் கலந்து விற்போர் இன்று பல நாடுகளில் உளர். விலையுயர்ந்த குப்பியை வாங்குமுன் முகர்ந்து பார்ப்பதற்கென்று ஓரிரு துளி கொண்ட மாதிரிக் குப்பிகளையும் அவர்களிற் பலர் விற்கின்றனர். மாணவர் கைப்பொருளுக்கு ஏற்றவை அவையே. உண்டிச் செலவில் மிச்சம் பிடித்து நாம் சேர்த்தவை பதினான்கு குப்பிகள்.

ஆயினும் எண்ணெயில் மணம் ஏற்றும் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. உத்தரப் பிரதேசத்திலுள்ள கன்னோசி நகரம் அத்தருக்குப் பெயர் பெற்றது. அங்கே 'தேக்' என்னும் செப்புக் கொப்பரையில் மலரும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் அடைத்து, அடியில் தீ மூட்டுவர். ஆவி மூங்கிற் குழல் வழியே சென்று, நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும் 'பப்கா' என்னும் ஏனத்தில் இறங்கும். அங்கே முன்னரே வார்த்து வைத்துள்ள சந்தன எண்ணெய் அம்மணத்தைத் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பின்னர்த் தோற்குப்பிகளில் ஊற்றி முதிர விடுவர். அக்குப்பியை அவர்களும் 'குப்பி' என்றே அழைக்கின்றனர். ரோசா எண்ணெய் ஒரு கிலோ பெற ஏறக்குறைய 3,000 முதல் 4,000 கிலோ இதழ் வேண்டும் என்பர். நம் மல்லிகையோ கொதிநீராவியைப் பொறாத மென்மையுடையது. ஆதலால் அதன் மணத்தைக் கரைப்பான்களின் உதவியால் பிரித்தெடுக்கின்றனர்.

கன்னோசியார் செய்வனவற்றுள் மிக வியப்பானது மண் அத்தர். காய்ந்த மண்ணைச் சுட்டு, மலருக்குப் பதிலாக அதனையே கொப்பரையில் இட்டு வடிப்பர். கோடை கழிந்து முதல் மழை விழுந்தவுடன் எழும் மணம் அதிலிருந்து கமழும். ஆசுத்திரேலிய அறிவியலார் இருவர் 1964ஆம் ஆண்டு அம்மழை மணத்தை ஆராய்ந்து 'பெட்ரிக்கோர்' என்று பெயரிட்டனர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் ஆக்கும் சியோசுமின் என்னும் பொருளும் அம்மணத்திற்கு ஒரு காரணமாகும். நம் பதினான்கு குப்பிகளுள் இதுவும் ஒன்று.

முகர்ந்து பார்ப்பதற்கும் முறையுண்டு. ஒரு நாளில் மூன்றுக்கு மேல் முகர்ந்தால் மூக்கு மயங்கிவிடும். முதலில் ஒரு தாட்கீற்றில் தொட்டு முகர்தல் வேண்டும். பிடித்திருந்தால் முன்கையின் உட்புறத்தில் ஒரு துளி வைத்து, ஒரு நாள் முழுதும் காத்திருத்தல் வேண்டும். தினவோ தடிப்போ தோன்றினால் அதனைத் தொடலாகாது. வைத்தவுடன் எழும் மணம் வேறு, அரைமணி கழித்து இருப்பது வேறு, மாலையில் எஞ்சுவது வேறு. ஆதலால் உடனே முடிவு கூறுதல் தவறு. பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தோலின் எண்ணெயைத் தோலில் இட்டு வெயிலிற் செல்லுதல் புண்ணுக்கு இடமாகும். இவற்றையெல்லாம் நாம் ஒரு குறிப்பேட்டில் நாளும் நேரமும் இட்டு எழுதி வந்தோம். பாடக் குறிப்பேட்டினும் அது தூய்மையாக இருந்தது என்பதை நம் ஆசிரியர்கள் மன்னிப்பார்களாக.

நிற்க. நம் பிழையைக் கூறும் இடம் வந்துவிட்டது.

இரண்டாம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தோம். ஆச்சியின் அறையிலுள்ள பழைய நிலைக்கண்ணாடியின் முன் அமர்ந்து, காலை வேளையில் அரைமணிக்குக் குறையாமல் கண்ணெழுதுவது நம் வழக்கம். ஆச்சி கட்டிலில் அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பார். அவர் எழுந்து நடக்கையில் நிலைப்படியில் கால் இடறினார். பக்கத்தில் வந்து நின்றால் நாம் நிற்பதை அறியவில்லை. திடீரெனப் பேசினால் துணுக்குற்றார். தட்டின் ஓரத்தில் வைத்த கறியை உண்ணாமலே எழுந்தார். இவற்றையெல்லாம் நாம் கண்டோம். கண்டும், "ஆச்சிக்கு வயதாகிவிட்டது" என்று சொல்லிச் சிரித்தோம். வீட்டாரும், "கண்ணில் படலம் விழுந்திருக்கும், அறுவடை முடிந்ததும் எடுத்துவிடலாம்" என்றனர். நம் இமையின் கோட்டில் ஒரு மயிரிழை கோணினால் அழித்து எழுதிய நாம், ஓரடி தொலைவில் இருந்த ஆச்சியின் கண்ணை ஒருநாளும் உற்று நோக்கினோமில்லை.

அறுவடை முடிந்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது, அது படலமன்று, குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் என்றார். படலத்தால் மறைந்த பார்வையை அறுவையால் மீட்கலாம். குளுக்கோமாவோ பார்வை நரம்பையே அழிப்பது. வலி இன்றியே பெரும்பாலும் வளர்வது. பக்கப் பார்வையை முதலிற் கவர்ந்து, நடுப்பார்வையைக் கடைசியில் தொடுவது. போனது திரும்பாது, இருப்பதைக் காக்கச் சொட்டு மருந்து உண்டு. ஆச்சிக்குக் காக்க மிச்சம் இருந்தது சிறிதே. அதுவும் அவ்வாண்டு முடியுமுன் பெரும்பாலும் போய்விட்டது.

அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்ற நாளை நாம் மறவோம். புதிதாய் வந்திருந்த குப்பியொன்றில் அம்பரும் புகையும் கலந்த மணம். அதனைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் தாராளமாகத் தடவிக்கொண்டு பேருந்தேறினோம். வீட்டிற்குள் நுழைந்து, ஒன்றும் பேசாமல் ஆச்சியின் அருகில் அமர்ந்து அவர் கையைப் பற்றினோம். வியப்புறுவார் என்பது நம் எண்ணம். ஆச்சி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். முந்தானையைச் சரிசெய்தார். "யாரம்மா வந்திருக்கிறது? உட்காருங்கள். எங்கள் பிள்ளையும் இப்போது வந்துவிடுவாள். இந்தப் பேருந்துக்குத்தான் எழுதியிருக்கிறாள்" என்றார்.

நாம் பேசியபின் அவர் அறிந்துகொண்டார், சிரித்தார், "நீயா! உன் வாசம் இல்லையே" என்றார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. கொல்லைக்குச் சென்று சோப்பிட்டுக் கழுவினோம். எண்ணெய் மணம் எளிதிற் போகாது என்பதை அன்று நன்கு அறிந்தோம்.

மணத்தை உணரும் ஏற்பிகளின் இயல்பைக் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்சல், லிண்டா பக் என்னும் இருவருக்கும் 2004ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. மாந்தர் மூக்கில் ஏறக்குறைய 400 வகை ஏற்பிகள் உள்ளன. அவற்றின் செய்தி, நினைவும் உணர்ச்சியும் தங்கும் மூளைப் பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையது என்பர். இதனை வகுப்பிற் படித்தபோது தேர்வுக்குரிய செய்தியாகவே கொண்டோம். கண்ணிழந்த ஒருவருக்கு நம் மணமே நம் முகம் என்பதனை ஆச்சியே கற்பித்தார்.

மறுநாள் மாலை குப்பிகள் பதினான்கையும் ஆச்சியின் மடியருகே பரப்பினோம். ஒவ்வொன்றாய்த் தாட்கீற்றில் தொட்டு நீட்டினோம். ஒரு நாளைக்கு மூன்று என்னும் நம் விதி அன்று செல்லவில்லை. ஒன்றை, "கல்யாண வீடு" என்றார். ஒன்றை, "மருந்துக்கடை" என்றார். விலை மிகுந்த ஒன்றை முகர்ந்து, "இதற்குக் காசு கொடுத்தாயா?" என்றார். மண் அத்தரின் மூடியைத் திறந்தோம். தாளில் தொடுமுன்னரே ஆச்சி தலையை நிமிர்த்தி, "அடியே, மழை வருகிறது! மாடியில் வற்றல் காய்கிறது, ஓடு, ஓடு!" என்றார். அடுக்களையிலிருந்த அம்மாவும் அதனைக் கேட்டு மாடிக்கு ஓடிவிட்டார். வானில் ஒரு முகிலும் இல்லை. உண்மை தெரிந்தபின் மூவரும் சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும்.

அன்றுதொட்டு ஊருக்குச் செல்லும்போது அவ்வொரு மணத்தையே, அதுவும் ஒரு துளியே, அணிகிறோம். வாயிற்படி ஏறும்போதே, "மழை வந்துவிட்டது" என்று ஆச்சி உள்ளிருந்து குரல் கொடுப்பார். அருகில் அமர்ந்தால் விரலால் நம் இமையைத் தடவுவார். விரலில் பசை ஒட்டினால், "மை எழுதியிருக்கிறாய், நல்லது" என்பார். இப்போது நம் கண்மையைக் காண்போர் பலர். அதனைத் தொட்டு அறிபவர் அவர் ஒருவரே.

குளுக்கோமா குடிவழியாகவும் வரக்கூடியது என்று மருத்துவர் சொன்னதால், நம் அம்மாவின் கண்களையும் ஆய்வித்தோம். தொடக்கநிலையில் இருந்தது. நாள்தோறும் இரவில் சொட்டு மருந்து இடுகிறார், பார்வை குறையவில்லை. விடுமுறையில் அம்மருந்தை இடும் பணி நம்முடையது. "அசையாதீர்கள், மேலே பாருங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் ஆச்சியின் குளிர்ந்த விரல் நம் நினைவிற்கு வரும்.

இக்கட்டுரையைப் படிக்கும் மாணவ நண்பர்களும் பழைய மாணவர்களும் ஒன்று செய்ய வேண்டுகிறோம். மை எழுதுக, தடையில்லை. நறுமணம் அணிக, அதுவும் ஓர் இன்பமே. ஆனால் அடுத்த முறை வீட்டிற்குச் செல்லும்போது, நாற்பது வயது கடந்த பெற்றோரையும் முதியோரையும் கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, கண்ணின் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் ஒருமுறை பார்க்கச் செய்க. நிலைப்படியில் அவர் கால் இடறினால் வயது என்று சிரித்து விடாதீர்கள். நாம் சிரித்தோம், அதனாலேயே இதனை எழுத நேர்ந்தது.